சிஸ்டம் 7-ல் மட்டும் நெட் வரலை

போன வருஷம் ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம், எங்க வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டைப் பிடுங்கியவன் நான். நெட்வொர்க்ஸ் பேப்பரில் நல்ல கிரேடு வாங்கிய அதே வருஷம். வீட்டில் மன்னிப்பெல்லாம் அப்பவே கேட்டாச்சு. இப்ப எழுதுறது வேற விஷயத்துக்காக. நாம படிக்கிற விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அது எங்கே இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதை இந்த இதழைப் படிக்கிற உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.

முதலில் கதை.

எங்க வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டர். ஒன்று என் லேப்டாப். இன்னொன்று ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப். எங்க ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அப்பா குறைந்த விலைக்கு வாங்கி வந்தது. அதன் கேபினெட்டில் "சிஸ்டம் 7" என்று ஒரு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. நாங்களும் அதை சிஸ்டம் செவன் என்றே கூப்பிடுவோம். ரெண்டு வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் பழைய கனெக்ஷனை விட்டுவிட்டு ஃபைபர் போட்டோம். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், புது ரூட்டரை மாட்டினார், எல்லோருடைய போனிலும் வைஃபை போட்டுக் கொடுத்தார், போய்விட்டார். என் லேப்டாப்பில் வந்தது. அம்மா போனில் வந்தது. டெஸ்க்டாப்பை அவர் இருக்கும்போது யாரும் ஆன் பண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து தங்கச்சி அதை ஆன் பண்ணினாள். அவள் ப்ளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இருந்த நேரம். சாய்ஸ் ஃபில்லிங் மறுநாள் சாயங்காலத்தோடு முடிகிறது. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று நாற்பது சாய்ஸை கோடு நம்பரோடு ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். பெரிய ஸ்கிரீனில் உட்கார்ந்து நிதானமாக ஏற்றணும் என்பது அவள் திட்டம்.

"அண்ணா, சிஸ்டம் செவன்ல மட்டும் நெட் வரலை. உன் லேப்டாப்பைக் கொஞ்சம் குடேன்."

கொடுத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரெண்டு நிமிஷம் இரு. சரி பண்ணித் தரேன்."

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் என்றால் அவனுக்கு எழுதப்படாத ஒரு கடமை இருக்கிறது. மிக்ஸி ஓடலையா, டிவி வரலையா, பக்கத்து வீட்டு பிரின்டர் பேப்பரை மென்று துப்புதா, எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். மெக்கானிக்கல் படித்தாலும் சரி, சிவில் படித்தாலும் சரி. நான் படிப்பதோ கம்ப்யூட்டர் சயின்ஸ். இதுகூடத் தெரியாதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற பயம்தான் "ரெண்டு நிமிஷம்" ஆனது.

அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் செய்தது: டெஸ்க்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். வரவில்லை. ஆன்டிவைரஸைத் தூக்கினேன், ஃபயர்வாலை அணைத்தேன். வரவில்லை. லேன் டிரைவரை லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் இன்ஸ்டால் பண்ணினேன். வரவில்லை. கேபிளாக இருக்கும் என்று கடைத்தெருவுக்கு ஓடி 200 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். பழைய கேபிளை மாட்டியபோதும் போர்ட்டில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை. புதுசிலும் வரவில்லை.

கடைசியாக, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து ரூட்டரின் பின்னால் இருக்கும் அந்தக் குட்டி ஓட்டைக்குள் விட்டுப் பத்து செகண்ட் அழுத்தினேன். ரீசெட்.

லைட்டெல்லாம் அணைந்து திரும்ப எரிந்தது, ஒன்றைத் தவிர. கம்பெனி ஆள் போட்டு வைத்திருந்த யூசர் நேம், பாஸ்வேர்ட், மற்ற செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது. அது எங்களில் யாரிடமும் இல்லை. கஸ்டமர் கேரில் "நாளைக்கு ஆள் வருவாங்க சார்" என்றார்கள். அதுவரை ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வராத நெட், இப்போது வீட்டில் எதிலுமே வரவில்லை.

ஹாட்ஸ்பாட் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் எங்களுக்கு சிக்னல் ஒரு கோடுதான். அதுக்காகத்தானே ஃபைபரே போட்டோம். கடைசியில் தங்கச்சி என் லேப்டாப்பையும் அம்மா போனையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். ஒரு பாய், ஒரு கொசுவத்திச் சுருள். அம்மா டார்ச் அடித்து நோட்டில் இருக்கும் கோடு நம்பரை ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் ஏற்றினாள். நடுவில் ரெண்டு முறை கனெக்ஷன் போய்த் திரும்ப லாகின் பண்ண வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் ஒரு முறை செய்கிற வேலை அது. ஒரு வரி மாறினால் நாலு வருஷம் மாறும்.

நான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அவள் ஸ்கிரீனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"உன் லேப்டாப்ல வந்துச்சு, அதுல வரலை. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. நெட்வொர்க்ஸ் படிக்காத ஒருத்திக்கு முதலில் தோன்றியது, படித்த எனக்குத் தோன்றவில்லை.

கீழே போனேன். டெஸ்க்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தேன். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். ஐ.பி. முகவரி 192.168.0.7 என்று வந்தது. டீஃபால்ட் கேட்வே 192.168.0.1. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முகவரி 192.168.1.1.

முடிந்தது. அவ்வளவுதான் பிரச்சினை.

பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கையால் ஒரு நிலையான முகவரி கொடுத்திருக்கிறார். ஏழாவது சிஸ்டத்துக்குக் கடைசி எண் 7. ஸ்டிக்கரிலேயே விடை இருந்தது. எங்களுடைய பழைய மோடமும் தற்செயலாக 192.168.0.1 என்பதால் ரெண்டு வருஷம் ஓடியது. புது ரூட்டர் வேறு எண் வரிசை. ஒரு உதாரணம் சொன்னால், மூன்றாவது எண்ணைத் தெருப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் செவன் புதுத் தெருவுக்கு வீடு மாறிய பிறகும் பழைய தெரு முகவரியைச் சொல்லிக்கொண்டு, அங்கே இல்லாத ஒரு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. லேப்டாப்பும் போன்களும் முகவரியை ரூட்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்வதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகவரியைத் தானாக வாங்கிக்கொள் என்று செட்டிங்கை மாற்றினேன். ரூட்டரை பிங் செய்தேன். பதில் வந்தது. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிஸ்டம் செவனில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. வீட்டில் இன்டர்நெட்தான் இல்லை.

ரெக்கார்டில் இருந்தது, கையில் இல்லை

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

மறுநாள் என் நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் சிலபஸிலேயே நெட்வொர்க்ஸ் லேபின் முதல் பயிற்சி இந்தக் கமாண்டுகள்தான்: நெட்ஸ்டாட், ஐஎஃப்கான்ஃபிக், என்எஸ்லுக்கப், டிரேஸ்ரூட் எல்லாம் அதில் வரும். பிங் அனுப்பும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பதும் அதிலேயே இருக்கிறது. என் ரெக்கார்டிலும் முதல் பயிற்சி அதுதான். ஏய்ம், அல்காரிதம், அவுட்புட், ரிசல்ட். "இவ்வாறு கமாண்டுகள் வெற்றிகரமாகச் செயல்படுத்தப்பட்டன" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. என் கையெழுத்து. கீழே சாரின் கையெழுத்து.

அந்த அவுட்புட்டை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கமாண்டை எப்போது அடிக்கணும், வரும் பதிலை வைத்து என்ன முடிவுக்கு வரணும் என்பது எனக்குத் தெரியாது. ஏன்? லேபில் நாங்கள் அதை அடித்தபோது எல்லா சிஸ்டமும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலே இல்லாத ஆளுக்கு தெர்மாமீட்டர் வைத்துப் பழகினோம்.

நம்ம லேபெல்லாம் இப்படித்தான் என்று யோசித்துப் பாருங்கள். புரோகிராம் ஓடணும், அவுட்புட் வரணும், சார் சைன் பண்ணணும். சர்க்யூட்டில் எல்ஈடி எரியவில்லை என்றால் பக்கத்து டேபிள் போர்டை வாங்கிக் காட்டிவிடுவோம். ஓடாத ஒன்று ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து கண்டுபிடித்ததற்கு யாராவது நமக்கு ஒரு மார்க் கொடுத்திருக்கிறார்களா? வைவாவில் "ஓஎஸ்ஐயில் எத்தனை லேயர்?" என்று கேட்டால் தூக்கத்தில்கூட ஏழு என்போம். அந்த ஏழு லேயரும் எதற்கு உபயோகம் என்று கேட்டால், பதினாறு மார்க் கேள்விக்கு உபயோகம் என்போம்.

உண்மையில் லேயர் என்கிற யோசனை, தப்பைத் தேடும்போது தேடும் இடத்தைப் பாதிப்பாதியாகக் குறைக்க உதவும் ஒரு அருமையான கருவி. வீட்டில் ரெண்டாவது கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வரவில்லை என்ற ஒரு சின்ன விஷயத்தை வைத்தே அதைக் காட்ட முடியும்.

வரிசையாகக் கேட்டால்

முதல் கேள்வி: எல்லாவற்றிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் ரூட்டர் வரைக்குமான லைன், கம்பெனி, பில் கட்டினோமா என்கிற பாதி உலகம் சந்தேகத்திலிருந்து விடுதலை. நான் ரீசெட் செய்த ரூட்டர் நிரபராதி என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். நல்லா ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தயாராக இருக்கிறது.

ரெண்டாவது: கேபிள் என்றால் போர்ட்டில் லைட் எரிகிறதா? வைஃபை என்றால் ரெண்டும் ஒரே பெயரில்தான் இணைந்திருக்கின்றனவா? சில பழைய கம்ப்யூட்டரின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும்தான் பிடிக்கும்; 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதன் லிஸ்டிலேயே வராது.

மூன்றாவது: ஐபிகான்ஃபிக். இங்கே வரும் முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 169.254 என்று ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டு யாரும் பதில் சொல்லாமல், தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது கேபிள், வைஃபை, ரூட்டரின் டிஎச்சிபி பக்கம் பார்க்கணும். நல்லா ஓடும் கம்ப்யூட்டரின் முகவரியோடு முதல் மூன்று எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் என்னுடைய கேஸ். யாரோ கையால் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலு எண்ணுமே ஒன்றாக இருந்தால் ரெண்டு பேர் ஒரே முகவரிக்குச் சண்டை போடுகிறார்கள். ஒன்று ஆன் ஆனால் இன்னொன்று தடுமாறும்.

நான்காவது: ரூட்டரை பிங் செய்வது. பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி.

ஐந்தாவது: வெளியே 8.8.8.8 என்ற முகவரியை பிங் செய்வது. அது 2009-ல் கூகுள் ஆரம்பித்த பொது டிஎன்எஸ் சர்வர். மனப்பாடம் செய்ய எளிது. அதற்குப் பதில் வந்து, பெயரைப் போட்டு பிங் செய்தால் மட்டும் வரவில்லை என்றால் குற்றவாளி டிஎன்எஸ்.

ஆறாவது: இதெல்லாம் சரி, பிரவுசரில் மட்டும் வரவில்லையா? பழைய ப்ராக்ஸி செட்டிங் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காலேஜிலிருந்தோ ஆபீசிலிருந்தோ வந்த கம்ப்யூட்டரில் இது சகஜம். அப்புறம், தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி செத்துப்போனால் பழைய டெஸ்க்டாப் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். பாதுகாப்புச் சான்றிதழின் தேதி ஒத்துப்போகாமல் எந்த சைட்டும் திறக்காது. நெட்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மொத்தம் ஆறு கேள்வி, பத்து நிமிஷம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கிடைத்ததும் தேட வேண்டிய இடம் சுருங்குகிறது. இதில் எந்தக் கேள்வியும் எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. நான் செய்த ஆறு வேலையும் எதையாவது மாற்றின. டிரைவர் மாறியது, ஃபயர்வால் போனது, கேபிள் மாறியது. நடுவில் தற்செயலாக நெட் வந்திருந்தால்கூட எதனால் வந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

பிங் பிறந்ததே இப்படித்தான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், ஒரு நெட்வொர்க் வினோதமாக நடந்துகொண்டதால் அதைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் எழுதிய புரோகிராம் அது, ஏறக்குறைய ஆயிரம் வரி. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் சத்தம்தான் பெயருக்குக் காரணம். நாம் அதை ரெக்கார்டில் காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அது, ஓடாத ஒன்றிடம் கேட்ட ஒரு கேள்வி.

"ரீஸ்டார்ட் பண்ணினா வந்துடும் மச்சி"

எதிர்வாதம் வரும் என்று தெரியும். ரூம் மேட்டே சொன்னான்: "பத்துக்கு எட்டு தடவை ரீஸ்டார்ட்லயே சரியாயிடுது. இதுக்குப் போய் ஆறு கேள்வியா?"

நியாயம்தான். ரீஸ்டார்ட் செய்தால் கம்ப்யூட்டர் முகவரியைப் புதுசாகக் கேட்கும், சிக்கிக்கொண்ட நினைவு கலையும். பல நேரம் சரியாகும். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்வதில் தப்பே இல்லை. அதையும் ஒரு சோதனையாகவே எடுத்துக்கலாம். ஆனால் ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு, ஃபார்மட் வேறு. முதலாவது தூங்கி எழுவது. மற்ற ரெண்டும் இருந்த தடயத்தை எல்லாம் கழுவி விடுவது. நாம் மூன்றையும் ஒரே மனநிலையில் செய்கிறோம்: எங்கே தப்பு என்று தெரியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் தப்பும் போய்விடும் என்கிற நம்பிக்கை. அதே நம்பிக்கையில்தான் ப்ராஜெக்ட் கோடில் எரர் வந்தால் ஃபோல்டரையே அழித்துவிட்டு கிட்ஹப்பிலிருந்து திரும்ப இறக்குகிறோம்.

இன்னொரு வாதம்: "இப்பதான் ஏஐ இருக்கே, கேட்டா சொல்லிடுமே." நானும் கேட்பவன்தான். ஆனால் நெட்டே இல்லாதபோது யாரைக் கேட்பது என்பது ஒன்று. அதைவிடப் பெரிது, "நெட் வரலை" என்று மட்டும் கேட்டால் ஏஐயும் ரீஸ்டார்ட்டிலிருந்து ஆரம்பித்து இருபது வழி சொல்லும். "ரெண்டாவது சிஸ்டத்தில் மட்டும் வரலை, அதன் முகவரி இது, ரூட்டர் முகவரி இது" என்று கேட்டால் ஒரே வரியில் விடை வரும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிய, பாதி வேலையை நாமே செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுடையது: "நான் மெக், எனக்கு எதுக்கு இது?" பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் இருக்கா, ஸ்பார்க் வருதா, காற்று போகுதா என்று மெக்கானிக் வரிசையாகப் பார்ப்பதும் இதேதான். நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்க மாட்டார். நாலு வருஷம் படித்த நாம்தான் முதலில் இன்ஜினைப் பிரிக்கிறோம்.

என்ன செய்யலாம்?

சிலபஸை மாற்று என்று சொல்லப் போவதில்லை. முதல் பயிற்சியே அதில் சரியாக இருக்கிறது. நடத்தும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றலாம்.

செமஸ்டரில் ஒரே ஒரு லேப் வகுப்பில், சிஸ்டங்களை வேண்டுமென்றே கெடுத்து வைக்கட்டும். ஒன்றில் தப்பான கேட்வே, ஒன்றில் தப்பான டிஎன்எஸ், ஒன்றில் இரட்டை முகவரி, ஒன்றில் பழைய ப்ராக்ஸி, ஒன்றில் அறுந்த கேபிள். இருபது நிமிஷம். என்ன தப்பு என்று மட்டும் சொன்னால் பாதி மார்க். எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்டு அங்கே வந்தாய் என்று எழுதினால் மீதிப் பாதி. எதையாவது ரீசெட் செய்தால் மார்க் கட்.

"அறுபது பேருக்கு ஒரு லேப், அட்மின் பாஸ்வேர்டை ஸ்டூடன்ட்ஸ் கையில கொடுக்க முடியாது" என்று ஸ்டாஃப் சொல்வார்கள். அவர்கள் கவலை நியாயமானது. கெட்டுப்போனால் மறுநாள் வகுப்புக்கு அவர்கள்தான் பதில் சொல்லணும். விர்ச்சுவல் மெஷினில் செய்யலாம், கெட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதுவும் முடியாவிட்டால் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இருக்கிறது, மாணவர்களுக்கு இலவசம். கெடுத்து வைத்த ஒரு நெட்வொர்க்கை ஃபைலாகக் கொடுத்துச் சரி செய்யச் சொல்லலாம். டிபார்ட்மென்ட் அசோசியேஷன் நடத்தும் சிம்போசியத்தில் எத்தனையோ கோடிங் போட்டி வைக்கிறோம். "கண்டுபிடி" என்று இப்படி ஒரு போட்டியை இந்த வருஷமே வைக்க யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. நான் வாலன்டியராக வரத் தயார். கெடுக்கிற வேலையில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

அதுவரை நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய ஒன்று. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் அடித்து வருவதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரூட்டரின் முகவரியும் சேர்த்து. கனெக்ஷன் கொடுத்தவரிடம் யூசர் நேம், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி அதே தாளில் எழுதுங்கள். பீரோவில் கேஸ் புக்கோடு வைத்துவிடுங்கள். நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான், கெட்டபோது எது மாறியது என்று தெரியும். நீங்கள் ஹாஸ்டலில் இருக்கும்போது அம்மாவோ தம்பியோ போன் செய்தால், "அந்தத் தாளை எடு, இப்ப என்ன வருதுன்னு படி" என்று கேட்கலாம். வெறுமனே "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்வதைவிட அது கொஞ்சம் மரியாதையான உதவி.

மூன்று மணி நேரமும் 200 ரூபாயும் போனதில் எனக்கு வருத்தமில்லை. மொட்டை மாடியில் டார்ச் வெளிச்சத்தில் அம்மா கோடு நம்பர் வாசித்ததை நினைத்தால்தான் இன்னும் உறுத்துகிறது. தெரியாது என்று சொல்லி லேப்டாப்பைக் கொடுத்திருக்கலாம். அல்லது தெரிந்ததைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கலாம். ரெண்டும் செய்யவில்லை. தெரிந்த மாதிரி நடித்தேன். கோளாறைத் தேடும்போது நடிப்புதான் முதல் எதிரி என்று இப்போது நினைக்கிறேன். "எனக்கு இன்னும் தெரியலை, பார்க்கலாம் இரு" என்று சொல்லத் தெரிந்தவன்தான் அடுத்த கேள்வியைக் கேட்பான்.

மறுநாள் மதியம் கம்பெனி ஆள் வந்து செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தார். போகும்போது "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொல்லிவிட்டாள். அவர் ரீசெட் ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

தங்கச்சிக்கு அவள் லிஸ்டில் மூன்றாவதாக எழுதிய காலேஜ் கிடைத்தது, இசிஇ. போன வாரம் போன் செய்தாள். முதல் வருஷ லேபில் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லையாம். பக்கத்து டேபிள் போர்டை வாங்கிக் காட்டச் சொன்னார்களாம்.

"நீ என்ன பண்ணினே?" என்றேன்.

"அவங்களோடதையும் என்னோடதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன்ணா. எந்த வயர் மாறியிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா லேப் டைம் முடிஞ்சிடுச்சு, ரெக்கார்ட்ல அவுட்புட் வரலை."

அவளுக்கு அன்றைக்கு மார்க் கிடைக்கவில்லை.